தாலுகா அளவில் மாற்றுத்திறனாளிகள் சங்கம்: கொடுக்கிற மனு ஏன் நகருவதில்லை?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தாலுகாவில் எல்லா வகை மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்து ஒரு சங்கம் நடத்துகிறோம். உறுப்பினர்கள் 43 பேர். கை கால் பாதிப்பு உள்ளவர்கள் 26, பார்வையற்றோர் 6, காது கேளாதோர் 4, அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் 7. இன்னும் பதிவு செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உதவி மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறோம், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸில் கொடுக்கிறோம். 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலோடு பாதி மனுக்கள் நின்றுவிடுகின்றன.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். உதவித்தொகை நின்றுபோன 9 பேருக்கு எந்த வழியில் போவது? தாலுகா ஆபீஸ் சாய்தளத்தில் சக்கர நாற்காலியைத் தனியாக ஏற்ற முடியவில்லை, உதவித்தொகைப் பிரிவு மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை. இதை யாரிடம் எப்படிக் கேட்பது? காது கேளாத உறுப்பினர்கள் இரண்டு கூட்டத்துக்கு வந்துவிட்டு நின்றுவிட்டார்கள். நாங்கள் என்ன தவறு செய்கிறோம்?

அனுபவமுள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

---

பதிவேடு:

தோழர், மனு எழுதுவதில் உங்களிடம் குறை இருக்காது. எழுதிய மனு எந்த மேசையில் நிற்கிறது என்று யாரும் பின்தொடர்வதில்லை, ஓட்டை அங்கேதான். முதல் வேலையாக 200 பக்க நீள நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போடுங்கள். தேதி, ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பெயர், யூ.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) எண், பாதிப்பு வகையும் சதவீதமும், மருத்துவச் சான்று நிரந்தரமா தற்காலிகமா, தற்காலிகம் என்றால் முடியும் தேதி, கோரிக்கை, எந்த அலுவலருக்கு, மனு ரசீது எண், கடைசியாக 'அடுத்து கேட்க வேண்டிய தேதி'. உயிரே இந்தக் கடைசிக் கட்டம்தான். ஞாயிற்றுக்கிழமை மேசையில் உட்கார்ந்ததும் புது மனுவைத் தொடாதீர்கள். அந்த வாரம் யாருடைய தேதி வந்திருக்கிறது என்று பார்த்து, அவர்களுக்கு முதலில் போன் போடுங்கள். ஆதார் எண்ணை முழுதாக எழுதி வைக்க வேண்டாம், கடைசி 4 இலக்கம் போதும். நோட்டு தொலைந்தால் 43 குடும்பங்களின் விவரம் தெருவுக்குப் போய்விடும்.

ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான் இருக்க வேண்டும். 'உதவித்தொகை, வீடு, ஸ்கூட்டர், கடன்' என்று ஒரே தாளில் நாலு எழுதினால், பதிவு செய்பவர் முதல் வரியைப் பார்த்து ஒரு துறைக்குத் தள்ளுவார். மற்ற மூன்றும் அந்தத் துறைக்குச் சம்பந்தமில்லாதவை என்று அப்படியே முடிக்கப்படும். குறை எல்லாருக்கும் ஒன்றே என்றால் பொது மனு கொடுத்து, பெயர், எண், கடைசியாகப் பணம் வந்த மாதம் ஆகியவற்றை அட்டவணையாக இணையுங்கள். உங்கள் 9 பேருக்கு அதுதான் சரி.

இப்போது அந்த 9 பேர். முதலில் அவர்கள் வாங்கியது எந்தத் தொகை என்று பிரியுங்கள். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு மாதத் தொகை இரண்டு வழியில் வருகிறது. வருவாய்த் துறை கொடுக்கும் ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாய். அதற்குத் தாலுகாவில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போக வேண்டும். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கொடுக்கும் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய்; அறிவுசார் குறைபாடு, கடுமையான பாதிப்பு, தசைச்சிதைவு, தொழுநோயிலிருந்து மீண்டோர், முதுகுத் தண்டுவடப் பாதிப்பு போன்ற சில வகையினருக்கு மட்டும்; மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் கையில் இருக்கிறது. இரண்டையும் ஒருவரே வாங்க முடியாது. நலத்துறைப் பணம் நின்றவருக்காகத் தாசில்தாரிடம் மனு கொடுத்தால் ஆறு மாதம் கழிந்தாலும் ஒன்றும் நடக்காது. பாஸ் புத்தகத்தில் வரவு வரியில் யார் போட்டது என்று இருக்கும், அதைப் பார்த்தே பிரித்துவிடலாம்.

நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் கீழே உள்ளவற்றில் ஒன்றாக இருக்கும்:

வருடாந்திர உயிர்வாழ் சான்று கொடுக்கவில்லை. வீட்டுக்கு விசாரிக்கப் போனபோது ஆள் மகள் வீட்டில் இருந்தார், 'முகவரியில் இல்லை' என்று எழுதிவிட்டார்கள்.

வங்கிக் கணக்கு நீண்ட நாள் புழங்காமல் முடங்கியிருக்கிறது. கே.ஒய்.சி. புதுப்பித்தால் சரியாகிவிடும், மனுவே தேவையில்லை.

ஆதார் வழியாகப் போகும் பணம், கடைசியாக எந்த வங்கியில் ஆதார் இணைப்புக்குச் சம்மதம் கொடுத்தாரோ அங்கே போகும். வேறு வங்கியில் புதுக் கணக்கு திறந்தவருக்குப் பணம் அங்கே சேர்ந்துகொண்டிருக்கும், அவரோ பழைய பாஸ் புத்தகத்தைத் திறந்து பார்த்து அழுதுகொண்டிருப்பார்.

தற்காலிகச் சான்று காலாவதியாகிவிட்டது. பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடக்கும்.

பெயர் பொருந்தவில்லை. நம் ஊர் முன்னெழுத்துப் பழக்கம் கொடுக்கிற தொல்லை இது. ஆதாரில் 'செல்வி முருகன்', யூ.டி.ஐ.டி.யில் 'எம் செல்வி', வங்கியில் வெறும் 'செல்வி'. கணினிக்கு மூவரும் மூன்று ஆட்கள். முதலில் ஆதாரைச் சரியாக்கி, மற்ற இரண்டையும் அதன்படி மாற்றுங்கள். தலைகீழாகச் செய்தால் இரண்டு முறை அலைய வேண்டும்.

யூ.டி.ஐ.டி. பதியும்போது இணைய மையக்காரர் தன் செல்பேசி எண்ணைப் போட்டுவிடுகிறார். பிறகு திருத்தம் செய்யப் போனால் ஓ.டி.பி. அவருக்குப் போகிறது. சங்க நிர்வாகியின் எண்ணைப் போடுவதும் அதே தவறுதான். வீட்டில் யாருடைய எண்ணாவது இருக்கட்டும்.

மருத்துவக் குழுவுக்கு அனுப்பும்போது, எலும்பு, கண், காது மூக்கு தொண்டை, மனநலம் என்று எந்த மருத்துவர் எந்தக் கிழமை உட்காருகிறார் என்று முன்னதாகவே கேட்டு மேசையில் எழுதி ஒட்டுங்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் இது மாறும். கைக்குழந்தைக்கும், சாதாரணச் செவிச் சோதனைக்கு ஒத்துழைக்க முடியாதவர்களுக்கும் பெரா (கருவி வைத்துக் கேட்கும் திறனை அளக்கும்) சோதனை கேட்பார்கள். அந்தக் கருவி எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று தெரியாமல் அனுப்பினால் ஒரு நாள் கூலியும் பேருந்து அலைச்சலும் வீண். டவுன் பஸ் சாதாரணக் கட்டணப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை என்பதையும் சொல்லி அனுப்புங்கள். தெரியாமல் காசு கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சதவீதத்தைக் கூட்டிப் போட ஆள் பிடித்துத் தரச் சொல்லி உங்களிடம் வருவார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். மோசடியாகச் சலுகை பெற்றால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 91-ஆம் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை இருக்கிறது. சதவீதம் உண்மையிலேயே குறைத்துப் போடப்பட்டிருந்தால் 59-ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு மனு எழுதிக் கொடுப்பது சங்கத்தின் கடமை. வேலை முடிந்ததும் '500 ரூபாய் சங்கத்துக்கு' என்று வாங்குவதை இன்றோடு நிறுத்துங்கள், வாங்கினால். சந்தா வேறு, கூலி வேறு. கூலி வாங்கத் தொடங்கிய சங்கம் தரகர் கடையாகிவிடும், பிறகு ஆபீஸில் நிமிர்ந்து கேள்வி கேட்க முடியாது.

---

ரசமட்டம்:

சாய்தளம் பற்றி மட்டும் எழுதுகிறேன், கட்டட வேலை என் துறை.

'சாய்தளம் சரியில்லை' என்று மனு கொடுக்காதீர்கள். 'சாய்தளம் உள்ளது' என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். அளந்து எண்ணோடு கொடுங்கள். ஆறடி நீள டேப், ஒரு ரசமட்டம், சரியாக 120 செ.மீ. நீளத்தில் நேரான அலுமினியக் குழாய் அல்லது பலகை, இவ்வளவு போதும்.

பலகையின் ஒரு முனையைச் சாய்தளத்தின் மேல்பக்கத்தில் தரையில் பதிய வையுங்கள். மறு முனை இறக்கத்தை நோக்கி அந்தரத்தில் நிற்கட்டும். பலகை மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழ் நடுவில் வரும்வரை கீழ்முனையைத் தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைச் செங்குத்தாக அளங்கள். 10 செ.மீ. வந்தால் 1:12 சரிவு, அதுதான் எல்லை. 10-க்கு மேல் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு ஆபத்து. மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் எடுங்கள். அடியில் மட்டும் செங்குத்தாகக் கட்டி முடித்திருப்பார்கள்.

பிறகு படிகளின் மொத்த உயரம். 15 செ.மீ. படி நாலு என்றால் 60 செ.மீ. அதை 12-ஆல் பெருக்கினால் 7.2 மீட்டர் நீளம் வேண்டும். மேலும் கீழும் நாற்காலி நின்று திரும்ப 1.5 மீட்டர் சமதளம் தனி. ஆக வாசலிலிருந்து 10.2 மீட்டர். இருக்கிற இடத்தில் இரண்டு மீட்டரில் சிமென்ட் கொட்டி, குறிப்பேட்டில் 'சாய்தளம் அமைக்கப்பட்டது' என்று எழுதுவதுதான் ஊரெல்லாம் நடக்கிறது. அது சக்கர நாற்காலிக்கானதில்லை, பீரோ ஏற்றுவதற்கானது.

அகலம் குறைந்தது 1.2 மீட்டர். இரண்டு பக்கமும் கைப்பிடி, இரண்டு உயரத்தில்: 76 செ.மீ., 90 செ.மீ. கைப்பிடி சரிவு முடிந்த இடத்திலேயே நிற்காமல் 30 செ.மீ. சமதளத்துக்குள் நீள வேண்டும். பார்வையற்றவருக்கு 'சரிவு முடிந்தது' என்று கைதான் சொல்லும். ஓரத்தில் சக்கரம் சரியாதபடி கட்டை வேண்டும். கதவின் திறப்பு 90 செ.மீ., சட்டத்தை விட்டுவிட்டு அளங்கள். கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் அல்லது நகரும் கதவாக இருக்க வேண்டும். உள்ளே திறந்தால் நாற்காலி போன பிறகு மூட முடியாது. உள்ளே 1.5 மீட்டர் வட்டம் திரும்ப இடம் வேண்டும். ஒன்றிய நகர்ப்புற விவகார அமைச்சகத்தின் 2021 ஒருங்கிணைந்த வழிகாட்டு நெறிகளை மனுவில் மேற்கோள் காட்டுங்கள்.

பொதுவாகப் பார்க்கும் கோளாறுகள்: வழவழ கிரானைட் போட்டு மழையில் வழுக்குவது, சாய்தளம் தொடங்கும் இடத்தில் இரண்டு விரற்கடை மேடு (முன் சக்கரம் முட்டி ஆள் முன்னால் விழுவார்), சாய்தளத்தின் வாயிலில் வடிகால் கம்பிவலை, அதன் மேல் நிறுத்தப்பட்ட மோட்டார் சைக்கிள், பூட்டிக் கிடக்கும் கழிப்பறைக்குள் துடைப்பமும் பழைய கோப்புகளும். எல்லாவற்றையும் டேப்பை வைத்துப் போட்டோ எடுங்கள், எண் தெரியும்படி.

யாருக்கு அனுப்புவது? தாசில்தார் அந்தக் கட்டடத்தில் உட்காருபவர். அவரிடம் கட்டுமான நிதி இருக்காது. கட்டடம் பொதுப்பணித் துறையினுடையதா, நகராட்சியினுடையதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பொறியாளருக்கு எழுதி, தாசில்தாருக்கும் கலெக்டருக்கும் நகல் போடுங்கள். 'மதிப்பீடு தயாரிக்கக் கோருகிறோம்' என்ற வரி அவசியம். மதிப்பீடு போடாத வேலைக்கு எந்த நிதியும் வராது. தொகுதி மேம்பாட்டு நிதிக்குச் சட்டமன்ற உறுப்பினரிடம் போனாலும் முதல் கேள்வி மதிப்பீடு எவ்வளவு என்பதுதான்.

மாடி விஷயத்தில் லிஃப்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கீழ்த்தளத்தில் ஒரு மேசை, வாரத்தில் குறிப்பிட்ட நாளில் அந்தப் பிரிவு எழுத்தர் இறங்கி வந்து மனு வாங்க வேண்டும் என்று தனி மனு கொடுங்கள். செலவில்லாத கோரிக்கை. மறுக்கக் காரணம் கிடைக்காது.

---

விரல்மொழி:

காது கேளாதோர் ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு நன்றி. பல சங்கங்கள் அவர்கள் வராததைக் கவனிப்பதே இல்லை.

உங்கள் கூட்டத்தை ஒலி இல்லாமல் நினைத்துப் பாருங்கள். வரிசை நாற்காலி, எல்லாருடைய பின்னந்தலையும் தெரிகிறது, மேடையில் ஒருவர் வாய் அசைக்கிறார், திடீரென்று எல்லாரும் சிரிக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் என்ன என்று கேட்டால் 'அப்புறம் சொல்றேன்' என்று சைகை. இரண்டு மணி நேரம். யார் மூன்றாவது தடவை வருவார்?

சரிசெய்ய வேண்டியவை: நாற்காலிகளை அரைவட்டமாகப் போடுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் பேசுபவருக்குப் பக்கத்தில், ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காமல், முகத்திலும் கையிலும் ஒளி விழும்படி நிற்க வேண்டும். பின்னால் பளபள பேனர் வேண்டாம். இரண்டு மணி நேரக் கூட்டம் என்றால் இரண்டு பேர் வேண்டும், 20 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள. ஒரே ஆள் நின்றால் பிற்பாதியில் கையும் மூளையும் சோர்ந்து பாதி விஷயம் விடுபடும். நேரில் ஆள் கிடைக்காவிட்டால் வீடியோ அழைப்பில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் பெரிய திரையும் நல்ல சிக்னலும் இல்லாமல் அது பயன்படாது. ஒருவர் பேசி முடித்த பிறகுதான் அடுத்தவர். குரல் வாக்கெடுப்பு வேண்டாம், கை தூக்குங்கள்.

உறுப்பினரின் பத்து வயது மகளை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். வீட்டுப் பணம், உடல்நலம், போலீஸ் புகார் எல்லாம் குழந்தை வாய் வழியாகப் போவது அந்தக் குழந்தைக்கும் பாரம், அப்பா அம்மாவுக்கும் அவமானம்.

'எழுதிக் காட்டினோமே' என்பார்கள். சைகை மொழியில் வளர்ந்தவர்களுக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. இந்தியச் சைகை மொழியின் இலக்கணமும் சொல்வரிசையும் வேறு. நம் நீள வாக்கியங்கள் அவர்களுக்கு அந்நியம். அறிவிப்பை ஒரு நிமிடச் சைகை வீடியோவாக அனுப்புங்கள், கூட எளிய தமிழில் நாலு வரி: நாள், நேரம், இடம், கொண்டுவர வேண்டியது.

கடைசியாக ஒன்று. உங்கள் பக்கத்தில் காது கேளாதோர் சங்கம் தனியாக இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் அவர்களைக் கரைத்துக்கொள்ள நினைக்காமல், அவர்கள் பிரதிநிதி ஒருவருக்கு உங்கள் செயற்குழுவில் இடம் கொடுத்துச் சேர்ந்து வேலை செய்யுங்கள்.

---

திரைவாசிப்பான்:

விரல்மொழி சொன்னதோடு சேர்த்துப் பார்வையற்றோருக்காக. வாட்சப்பில் போஸ்டர் படம் அனுப்பினால் செல்பேசி 'படம்' என்று மட்டும் சொல்லும். உள்ளே இருக்கும் தேதி எங்களுக்குக் கிடையாது. படத்துக்குக் கீழே அதே விஷயத்தைத் தட்டச்சு செய்து போடுங்கள். குரல் பதிவு மட்டும் போட்டால் காது கேளாதவருக்குக் கிடையாது. ஆக எழுத்துதான் இருவருக்கும் பொது.

பைலா (சங்க விதிகள்), அரசாணை, மனு மாதிரி எல்லாவற்றையும் யூனிகோடில் வைத்திருங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) அதை ஆங்கில எழுத்துக் குப்பையாக வாசிக்கும். ஸ்கேன் செய்த பி.டி.எஃப். வெறும் படம்தான், ஒரு சொல்லும் வாசிக்காது. கையெழுத்து வாங்கும் முன் தீர்மானத்தை முழுக்க வாசித்துக் காட்டுங்கள். பார்வையற்ற செயலாளர் வாசிக்க முடியாத மினிட் புத்தகம் அவருடைய புத்தகமே இல்லை.

---

வைகைக்கரை:

எல்லாருக்கும் மிக்க நன்றி. வரவு வரியைப் பார்த்துப் பிரித்தோம்: 9 பேரில் 6 வருவாய்த் துறை, 3 நலத்துறை. அந்த 6-ல் இருவருக்குக் கணக்கு முடங்கியிருக்கிறது, மனுவே தேவைப்படவில்லை.

இன்னும் இரண்டு கேள்வி. சங்கத்தைப் பதிவு செய்வதால் உண்மையில் என்ன கிடைக்கும்? மனு, பொறியாளர் எல்லாம் தாண்டியும் அசையாவிட்டால் அடுத்த படி என்ன?

---

பிரிவு92:

பதிவு: 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ், மாவட்டப் பதிவாளரிடம். 7 பேர் சேர்ந்தால் பதியலாம். செயற்குழுவில் குறைந்தது 3 பேர், பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. பதிவதைவிட, பதிந்த பிறகு உயிரோடு வைத்திருப்பதுதான் கடினம். ஆண்டுப் பொதுக்குழுவுக்கு 21 நாள் முன்னறிவிப்பு, தணிக்கை செய்த கணக்கு, உறுப்பினர் பட்டியலுக்குப் படிவம் 6, நிர்வாகிகள் மாறினால் படிவம் 7. இரண்டு வருடம் தாக்கல் செய்யாமல் விட்டால், பிற்பாடு பிளவு வரும்போது யார் நிர்வாகி என்பதே வழக்காகிவிடும்.

பைலாவில் ஒரு விதியைக் கட்டாயம் எழுதுங்கள்: உறுப்பினர்களிலும் நிர்வாகிகளிலும் தெளிவான பெரும்பான்மை மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கைக் குழு 2018-இல் வெளியிட்ட 7-ஆவது பொதுக் கருத்துரை, மாற்றுத்திறனாளிகளே நடத்தும் அமைப்பையும் அவர்களுக்காக மற்றவர்கள் நடத்தும் அமைப்பையும் பிரிப்பது இந்த அளவுகோலில்தான். நன்கொடையாளர் தலைவராகி, உறுப்பினர்கள் போட்டோவுக்கு மட்டும் வந்து நிற்கும் நிலை இந்த ஒரு விதியால் தடுக்கப்படும்.

பதிவால் கிடைப்பது: வங்கிக் கணக்கு, கடிதத்தாளுக்கு மதிப்பு, இவற்றைவிட முக்கியமாக 2016 சட்டத்தின் 7-ஆம் பிரிவு. மாற்றுத்திறனாளி ஒருவர் கொடுமைப்படுத்தப்படுகிறார், சுரண்டப்படுகிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், எந்த நபரும், பதிவு பெற்ற எந்த அமைப்பும் நிர்வாக நடுவரிடம் தகவல் கொடுக்கலாம். அதே பிரிவில் போலீஸுக்கும் கடமை உண்டு: பாதிக்கப்பட்டவரிடம் பாதுகாப்புக் கேட்கும் உரிமை, இலவசச் சட்ட உதவி, அருகிலுள்ள அமைப்பின் விவரம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். ஆகவே சங்கத்தின் பெயரும் எண்ணும் உள்ள தாளை உங்கள் எல்லைக் காவல் நிலையம் ஒவ்வொன்றிலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.

பாலியல் குற்றம் என்றால் இதை நினைவில் வையுங்கள். பாதிக்கப்பட்டவர் மனத்தாலோ உடலாலோ குறைபாடுள்ளவர் என்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-ஆம் பிரிவுப்படி போலீஸ் அதிகாரி அவருடைய வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ வந்து, மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் முன்னிலையில் வாக்குமூலம் பதிய வேண்டும். வீடியோ எடுக்க வேண்டும். 'ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வாங்க' என்றால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்துவதும், பெண் மாற்றுத்திறனாளியின் மானத்துக்குப் பங்கம் வரும்படி தாக்குவதும் 2016 சட்டத்தின் 92-இல் வரும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருடம் வரை சிறை. புகாரில் அந்தப் பிரிவு எண்ணை எழுதிக் கேளுங்கள், கேட்காவிட்டால் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

இனி மனு அசையாத விஷயம். 30 நாள் கழித்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேளுங்கள். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்டால் பதில் வராது. 'இந்த ரசீது எண் மனு எந்தெந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் இருந்தது, குறிப்புப் பக்கங்களின் நகல்' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு அடுத்த 30 நாளுக்குள். பெரும்பாலான கோப்புகள் இந்தக் கட்டத்திலேயே நகர ஆரம்பிக்கும்.

அதற்கும் அசையாவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். 2016 சட்டத்தின் 80-ஆம் பிரிவில் விசாரிக்கும் அதிகாரமும், 82-இல் ஆட்களை அழைக்க உரிமையியல் நீதிமன்ற அதிகாரமும் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரைத்தால், எடுத்த நடவடிக்கையை அந்த அலுவலகம் மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மனுவோடு ரசமட்டம் சொன்ன அளவுகள், போட்டோ, முந்தைய மனுக்களின் ரசீது, தகவல் உரிமைப் பதில் எல்லாம் தேதி வரிசையில் போகட்டும். கட்டடம் சம்பந்தமாகச் சட்டப் பின்பலமும் இருக்கிறது. பழைய பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய 45-ஆம் பிரிவு கொடுத்த ஐந்து வருடக் கெடு, விதிகள் அறிவிக்கப்பட்ட 2017-லிருந்து எண்ணினாலும் 2022-இல் முடிந்துவிட்டது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்த அந்த 2017 விதிகளின் 15-ஆம் விதி சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்து, கட்டாயத் தரங்களை வகுக்க ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. 'முடிந்தால் செய்வோம்' என்ற பதிலுக்கு இனி இடமில்லை.

23-ஆம் பிரிவுக் குறைதீர் அலுவலரிடம் இதைக் கொண்டுபோகாதீர்கள், அது வேலையிடத்தில் நடக்கும் பாகுபாட்டுக்கானது. வழக்கு வரை போனால் மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும்.

இன்னொரு வாசல் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ரேஷன் கடைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் சாய்தளம் கேட்டுத் தீர்மானம் போட வைத்து, நகலை அன்றே கேளுங்கள். 2025 சட்டத் திருத்தத்தால் ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும் ஒரு மாற்றுத்திறனாளி நியமன உறுப்பினராக வர வழி பிறந்திருக்கிறது. அந்த நாற்காலிக்கு உங்கள் உறுப்பினர்களை, முக்கியமாகப் பெண்களை, இப்போதே தயார்படுத்துங்கள்.

---

பெற்றோர்_பக்கம்:

தம்பி, அந்த 7 பெற்றோரில் பிள்ளைக்கு 18 வயது நெருங்குகிறவர்கள் யார் என்று நோட்டில் தனியாகக் குறித்து வையுங்கள். 18 முடிந்த மறுநாள் முதல் சட்டப்படி அம்மா அப்பா தானாகப் பாதுகாவலர் ஆக முடியாது. வங்கியிலோ சொத்துப் பத்திரத்திலோ சிக்கல் வந்த பிறகுதான் பலருக்கு இது தெரிகிறது.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் சட்டப் பாதுகாவலர் நியமனம் இருக்கிறது. கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவுக்குப் படிவம் ஏ-வில் விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் குழுவில் பதிவு பெற்ற அமைப்பின் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் உறுப்பினர்கள். நியமனம் ஆனபின் ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்து விவரமும், பிறகு ஆண்டுதோறும் கணக்கும் கொடுக்க வேண்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. அதே நான்கு வகைக்கு நிராமயா மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, வருடந்தோறும் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதியும் உங்கள் நோட்டின் கடைசிக் கட்டத்தில் ஏறட்டும்.

பிள்ளைகளையும் கூட்டத்துக்கு அழைத்து வரச் சொல்லுங்கள். அவர்களிடமும் நேராகப் பேசுங்கள், எங்களைப் பார்த்து 'இவனுக்கு என்ன வேணும்' என்று கேட்காமல். படம் போட்ட அட்டையைக் காட்டினால் என் மகன் வயதுப் பிள்ளைகள் பலர் தாங்களே சொல்வார்கள்.

---

வைகைக்கரை:

ரசமட்டம் ஐயா, நீங்கள் சொன்னபடி அளந்தோம். 120 செ.மீ. பலகைக்கு இடைவெளி 17 செ.மீ. மூன்று படி, மொத்த உயரம் 45 செ.மீ. சாய்தளத்தின் நீளம் 3.2 மீட்டர். மேல் சமதளம் போதுமான அளவு இருக்கிறது. சாய்தளம் தொடங்கும் மேல் விளிம்பிலிருந்து எதிரே சுற்றுச்சுவர் 4.5 மீட்டரில் வந்துவிடுகிறது. பக்கவாட்டில் 6 மீட்டர் காலி இடம் உண்டு. 'இடமில்லை' என்று சொல்லிவிடுவார்களோ?

---

ரசமட்டம்:

17 என்றால் கிட்டத்தட்ட 1:7. பின்னாலிருந்து ஆள் தள்ளினாலும் ஆபத்து, இறங்கும்போது நாற்காலி இழுத்துக்கொண்டு போகும்.

45 செ.மீ. உயரத்துக்கு 5.4 மீட்டர் வேண்டும். நேராகப் போனால் சுவர் இடிக்கும், உண்மைதான். எல் வடிவத்தில் மடியுங்கள். மேலிருந்து நேராக 2.7 மீட்டர் இறக்கம், அங்கே 1.5-க்கு 1.5 மீட்டர் சமதளம், பிறகு பக்கவாட்டில் திரும்பி இன்னொரு 2.7 மீட்டர். நேர்ப்பக்கம் 2.7-உம் 1.5-உம் சேர்ந்து 4.2 மீட்டர், சுவருக்கு முன் 30 செ.மீ. மிச்சம். பக்கவாட்டில் 2.7 போனபின் அடியில் 1.5 மீட்டர் சமதளம், அதுவும் 4.2 தான், உங்களிடம் 6 இருக்கிறது. தாராளம்.

திரும்பும் சமதளத்தை 1.2-ஆகக் குறைக்கச் சம்மதிக்காதீர்கள், இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் வருபவர் இறங்கி நாற்காலிக்கு மாறினாலும் அங்கேதான் திரும்ப வேண்டும். இந்த அளவுகளை ஒரு தாளில் கையால் வரைந்து மனுவோடு இணையுங்கள். வாய்ப்புள்ள ஒரு நாளில் உதவிப் பொறியாளரை நேரில் அழைத்து, சக்கர நாற்காலியில் வரும் உறுப்பினர் ஒருவரை வைத்துக்கொண்டே பலகையைப் போட்டுக் காட்டுங்கள். வேலை தொடங்கும் அன்றும் போங்கள், சிமென்ட் காயும் முன் அதே 120 செ.மீ. பலகையோடு.